ம் கொட்ட ஓர் ஆள்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் பேசினால் எதிரே இருப்பவர் ம் கொட்ட வேண்டும். இது மரியாதை கூட இல்லை, மூச்சு விடுவது மாதிரி ஒரு காரியம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் "சேலம் பஸ் போயிடுச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றி ஆரம்பிப்பாள். நீங்கள் ம் சொல்லிக்கொண்டே நிற்பீர்கள். சேலம் பஸ் உங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போகும். நடுவில் இரண்டு ம் சொல்லாமல் விட்டால் போச்சு, "இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிடுவாள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவளைக் கொண்டுபோய் ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார வைத்தால் அவள் என்ன ஆவாள், நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடும் ஒரு மென்பொருளை விளக்கிச் சொல்வது என் வேலை. ஆபீஸ் சென்னையில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே ஹாஸ்டல் வாசம். கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஹாஸ்டல், அதே கட்டில், அதே தண்ணிச் சாம்பார். என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். மலைப்பாதையை விட்டு அவரால் வர முடியாது, சம்பளத்தை விட்டு என்னால் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில், மற்ற நாளெல்லாம் போனில். ஹைபிரிட் என்ற வார்த்தை எங்கள் ஆபீசுக்கு வருவதற்கு முன்னாலேயே எங்கள் கல்யாணம் ஹைபிரிட்டாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

போனில் நான் பேசுவேன், அவர் ம் கொட்டுவார். ஆபீசில் எவள் என் டிபன் பாக்ஸைத் தூக்கினாள், ஹாஸ்டல் வார்டன் என்னை எப்படி முறைத்தாள், எல்லாம் சொல்லுவேன். ஒரு ம் கூடத் தப்பாது. என்னோடு தங்கியிருந்த பெண்கள் எல்லாரும், "உன் புருஷன் மாதிரி பொறுமையா கேக்கற ஆம்பள கெடைக்கணும்டி" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கும் கர்வம் தலைக்கேறித்தான் இருந்தது.

பிறகு எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தேன். கட்டிக்கொண்டவர் குளித்துவிட்டுப் பாடுகிறவர், முறுக்கை மென்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

சனியன் மீட்டிங் வடிவில் வந்தது. நேரில் பேசும்போது நான் சூரப்புலி. ஆனால் இங்கே திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயரின் முதல் எழுத்து மட்டும். கேமராவை மூடி, மைக்கையும் மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், உட்கார்ந்திருக்கிறார்களா என்பதே சந்தேகம். இரண்டு வாக்கியம் பேசுவேன். ம் வராது. "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்பேன். ஒருவர் கட்டைவிரலைப் படமாக அனுப்புவார். மறுபடி இரண்டு வாக்கியம். மறுபடி, "லைன்ல இருக்கீங்களா?" யாரோ மைக்கைத் திறந்து "யெஸ்" என்று கடித்துத் துப்புவார்கள். ம் வராத பயத்தில் சொன்னதையே இன்னொரு முறை சொல்லுவேன். அரைமணி மீட்டிங் ஜவ்வாக இழுபடும்.

இதற்கென்றே ஆபீசில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தூரத்திலிருந்து சிறப்பாகப் பேசுவது எப்படி என்று ஒருவர் வந்து பேசினார். மௌனத்தைக் கண்டு அஞ்சாதீர்கள், மௌனமும் ஒரு பதில் என்றார். கடைசியில் அவர் "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டார். ஒரு கட்டமும் வாய் திறக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் சென்னையிலிருந்து எங்கள் மேடம் தனியாகக் கூப்பிட்டார். எல்லாரையும் ஆபீசுக்குத் திரும்ப அழைக்கிறார்கள் என்றார். வெளியூரில் இருந்தபடியே யார் வேலை பார்க்கலாம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டுமாம். "உன் மீட்டிங் இழுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நீ விளக்கிச் சொல்லப் போற. அதுவும் இப்படித்தான்னா, அடுத்த வாரம் கிளம்பி இங்க வந்துடு."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பதவி உயர்வு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என் புருஷனோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒரு ஆசைக்கு இத்தனை கறுப்புக் கட்டங்கள் குறுக்கே நிற்கின்றன.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி வந்தவர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல ம் கொட்டினார். எனக்குப் பளிச்சென்று தோன்றியது. கையிலேயே வெண்ணெயை வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் நெய்க்கு அலைகிறேனே!

"மாமா, வெள்ளிக்கிழமை நீங்க என் எதிர்ல ஒக்காந்து ம் கொட்டணும். லேப்டாப்புக்குப் பின்னாடி. அவங்க கண்ணுல படக் கூடாது."

"அவ்ளோதானா? அது இன்னா பெரிய வேலை?" என்றார்.

அன்றிலிருந்து ஒத்திகை. அவர் ஒரு தட்டு நிறைய வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். நான் பேசுவேன். அடடா, என்ன வித்தியாசம்! வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு ம். கொஞ்சம் குரலை உயர்த்தினால் அழுத்தமாக ஒரு ம். எனக்குப் பேச்சு அருவி மாதிரி வந்தது. ஒரு தடவை கூட "கேக்குதா" என்று கேட்கவில்லை. இந்த மனுஷனைப் பெற்றவளுக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒத்திகையில் ஒரு சந்தேகம் தட்டியது. டோக்கன் இயந்திரத்தின் படத்துக்குப் பதிலாகத் தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டு, "ஐயோ, தப்பு" என்றேன். அதற்கும் ம் வந்தது. அவர் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. குரலை மாற்றாமல் அப்படியே தொடர்ந்தேன்.

"அடுத்ததா, உங்க ஜீப்ப இன்னிக்கு வித்துட்டேன்."

"ம்."

"வித்த காசுல ஒரு ஒட்டகம் வாங்கினேன்."

"ம்."

"அது இப்ப மொட்டை மாடியில நிக்குது."

"ம். தண்ணி காட்டினியா?"

மல்லாட்டைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் திடுக்கிட்டுப் போய், "இன்னாடி, இன்னா ஆச்சி?" என்றார்.

பிறகு விசாரணையில் உண்மை வந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கதை சொல்லுவார்கள். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடுவார், ஒருவர் கடுக்காய் விலையைத் திட்டுவார். காது கொடுத்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும், ம் கொட்டாவிட்டால் சவாரி கோபித்துக்கொண்டு அடுத்த ஜீப்புக்குப் போய்விடும். அதனால் இவர் வாய்க்கும் காதுக்கும் இருந்த கனெக்‌ஷனைப் பிடுங்கிப் போட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. "அதுபாட்டுக்கு வருது. நா இன்னா செய்யட்டும்?" என்றார் பாவமாக.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் போனில் நான் இத்தனை வருஷம் கொட்டித் தீர்த்ததெல்லாம்? என் டிபன் பாக்ஸ்? வார்டன்? கேட்டே விடலாம் என்று வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. இப்போது சண்டை போட்டால் ம் கொட்ட ஆள் கிடைக்காது. மீட்டிங் முடியட்டும், வெச்சிக்கறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டு ம் கொட்டினால் என்ன, கேட்காமல் ம் கொட்டினால் என்ன, எனக்கு ம் வந்தால் சரி.

வெள்ளிக்கிழமை வந்தது. திரையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள், அத்தனையும் கறுப்புக் கட்டம். பெரிய டாக்டர் ஒருவர் மட்டும் முகத்தைக் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு அவரும் மறைந்தார். எங்கள் மேடம் ஒரு மூலையில் சின்னக் கட்டமாக இருந்தார். என் வீட்டுக்காரர் சவாரியை நிறுத்தி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியப் போவதில்லை என்றாலும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மெதுவாகக் கொட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

ஆரம்பித்தேன். ம் வந்தது. பேச்சு ஓடியது. ஆனால் டீசல் இன்ஜினோடு போட்டி போட்டே பழகிய தொண்டைக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியுமா? ஒரு ம் கணீரென்று விழுந்தது. பெரிய டாக்டர் முகத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. யாரோ ம், ம்னு சொல்றாங்களே, யாரு அது?"

மேடமிடமிருந்து ஒரு செய்தி குதித்தது. 'உன்னோடு யார் இருக்கிறார்கள்?' பொய் சொல்ல நினைத்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"என் வீட்டுக்காரர் சார். நான் பேசினா யாராவது ம் கொட்டணும் எனக்கு."

டாக்டர் சொன்னார்: "எங்கள்ல ஒருத்தரும் கேட்ட மாதிரி தெரியல. அவர் ஒருத்தர்தான் கேட்டிருக்கார். அவரைக் கூப்பிடும்மா. இவ்வளவு நேரம் நீ சொன்னதுல என்ன புரிஞ்சுதுன்னு அவரே சொல்லட்டும்."

தொலைந்தேன். ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டச் சொன்ன மனுஷன். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பும்போது என் பெட்டியை எங்கே வைத்தேன் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அவர் எழுந்து நின்றார், கேமராவில் வெறும் வயிறுதான் தெரிந்தது. இழுத்து உட்கார வைத்தேன்.

"வணக்கங்க சார்," என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

லேப்டாப்பைத் திருப்பக் கை நீட்டினேன், அவர் நிறுத்தவில்லை.

"வூட்ல பேசறப்ப நாம ம் சொல்லலன்னா பொழைக்க முடியாதுங்க. அதுக்காக சொல்லிக்கினு இருந்தேன். நடுவுல ஒரு தபா கேட்டுப் பாத்தேன், கொஞ்சம் பயமா இருந்துது, வுட்டுட்டேன்."

முதலில் யாரோ ஒரு நர்ஸம்மா களுக்கென்று சிரித்தார். அவர் மைக்கை மூட மறந்திருந்தார். அப்புறம், "சார், எனக்கும் புரியல சார்" என்றார். பிறகு ஒரு கட்டம் திறந்தது, ரிசப்ஷன் பெண்ணாம், "எனக்கு ரெண்டாவது பக்கத்துலயே விட்டுப்போச்சு" என்றாள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், தான் இருப்பது எந்த மீட்டிங் என்பதே தனக்கு இன்னும் நிச்சயமில்லை என்றார். முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் வாயில் இட்லி. ஒருவருக்குப் பின்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது. டோக்கன் வாங்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை என்ன செய்வது என்று ரிசப்ஷன் பெண் கேட்டாள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்! சொன்னேன். நர்ஸம்மா அதை மறுத்தார். நான் விடவில்லை. அரைமணிக்குப் பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஒரே இரைச்சல். அவர்களுக்கு மென்பொருள் பிடித்துப் போயிற்று.

மேடம் பிற்பாடு போன் செய்து சிரித்துக்கொண்டே திட்டினார். திட்டி முடித்து, "நீ அங்கயே இரும்மா" என்றார்.

சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பாக்கி விஷயம் இருக்கிறதே. அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். வழியை மறித்து நின்றேன்.

"அப்ப நான் மெட்ராசுல இருந்து பேசினதெல்லாம்? அதுவும் ஒண்ணும் கேக்கலயா?"

"ஒண்ணும் நெனப்புல இல்ல," என்றார், கொஞ்சம் கூட வெட்கமில்லாமல். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நீ நல்லா இருந்தா மடமடன்னு பேசுவ. மனசு சரியில்லன்னா நின்னு நின்னு பேசுவ. அத்த மட்டும் பாத்துக்கினு இருந்தேன். ஒரு தபா காலங்காத்தால ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னேன் இல்ல? ஜீப்புக்கு சாமான் வாங்க வந்தேன்னேனே. அந்த சாமான் இங்கயே கெடைக்கும்டி."

எனக்கு நினைவிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் காய்ச்சலில் கிடந்தேன். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெள்ளிமலை சவாரிகள் தெருவில் நின்ற ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.