சம்பந்தியம்மாவுக்கு ஒரு பதில் பாட்டு

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் முதல் கட்டுரை அக்கா எழுதியது. அழ வேண்டியவர்கள் அங்கேயே அழுது முடித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். "இன்னிக்கு ஒரு நாளாவது கிண்டல் இல்லாம எழுதுடா" என்று அக்கா சொல்லியிருக்கிறார். "எழுதிப்போடறேனுங்கக்கா" என்று தலையாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் கணபதி ஊரிலேயே பெரிய கிண்டல்காரரைப் பற்றிக் கிண்டல் இல்லாமல் எப்படி எழுதுவது?

அம்மா பிறந்தது வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு மேட்டாங்காட்டில். "மழை பேஞ்சாச் சோளம், பேயலீன்னாப் பாட்டு. எங்கூட்டுல பாட்டுத்தான் நல்லா வெளைஞ்சுது" என்பார். கல்யாணமாகிக் கணபதிக்கு வந்தபோது, வீட்டை ஒட்டியே அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தார். நாங்கள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா காலமானார். பட்டறையை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடச் சொன்னார்கள். "மிசினு ஓடிட்டுத்தானுங்க இருக்குது. அது நிக்கறப்பப் பாத்துக்கலாமுங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். அது நிற்கவேயில்லை. அக்காவை ஆசிரியை ஆக்கியது அந்தப் பட்டறை. என்னையும் ஏதாவது ஆக்கிப் பார்க்க முயன்றது, பாவம்.

நாள் முழுக்க லேத்துச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மைக் தேவைப்படாத ஒரு குரல் அம்மாவுக்கு வாய்த்தது. அதைக் கல்யாணங்களுக்குக் கொண்டு போனார். பெண் வீட்டார் கூடி மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவது உங்களுக்கெல்லாம் தெரியும். எல்லாரும் பழைய பாட்டையே பாடுவார்கள். அம்மா ஆளைப் பார்த்து அங்கேயே புதிதாகக் கட்டுவார், அதுவும் நாம் வீட்டில் பேசுகிற அதே பேச்சில். திட்டுவதற்கும் 'ங்க' போட்டே திட்டுவார்.

ஒரு கல்யாணத்தில் யாரோ, "சினிமாப் பாட்டு ஏதாச்சும் பாடுங்களேன், நாகரிகமா இருக்கும்" என்றார்கள். அம்மா சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்றும் எனக்கு மனப்பாடம். "எங்கம்மா பேசுன பேச்சுலதானுங்க எனக்குப் பாட்டு வருது. பாடற எனக்கு வெக்கமில்லீங்க. கேக்கறவங்களுக்கு வெக்கமா இருந்தா, சித்த வெளிய போய்க் காத்தாட நின்னுட்டு வாங்க."

இவ்வளவு பெருமைக்கும் நடுவே ஒரு கோழை மகன் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு மைசூரில் மாப்பிள்ளை அமைந்தது. கன்னடக் குடும்பம். சம்பந்தியம்மா கன்னடப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்குத் தமிழ் தெரியாது, மாப்பிள்ளைக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அன்று ராத்திரியே அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் பாட்டு வேண்டாங்கம்மா. அவங்க நம்மாளுங்க மாதிரி இல்லீங்க. கோவிச்சுட்டுப் போயிட்டா?"

"ஏங்கண்ணு, ஊருல இருக்கற சம்பந்தியையெல்லாம் கேலி பண்ணிப்போட்டு எம்பட சம்பந்தியை உட்டுட்டா, அந்தம்மாளை எனக்குப் புடிக்கலைன்னு ஆயிராதா? கேலி பண்ணுனாத்தான் சாமி சொந்தம்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அம்மா எழுந்தார். நான் சமையல்கட்டுக்கு ஓடி ரசக் குண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கேயும் குரல் வந்தது.

"மைசூரு மலையிறங்கி வந்த சம்பந்தியம்மா - எங்க
மக்க முகம் பாத்துச் சிரிச்சா முத்து உதிருங்களா?
பட்டுச்சீலை கசங்குமின்னு நின்னுட்டீங்களா - இல்ல
பல்லைப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டு வந்தீங்களா?"

சம்பந்தியம்மாவுக்குப் பல் செட் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தெரியாது.

எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் அம்மாவுக்கு வரிவரியாகக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். போச்சு, கார் சாவியைத் தேடுகிறார் என்று நினைத்து நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன். சமையல்காரர், "ஏனுங்க, ரசம் பரிமாறப் போறீங்களா?" என்று கேட்டார்.

சம்பந்தியம்மா பாடினார். கணீரென்று, கன்னடத்தில். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் தமிழில் சொன்னார். "பல்லைப் பெட்டியில வைக்க மாட்டாங்களாம், ராத்திரியில டம்ளர்லதான் வைப்பாங்களாம். உங்க ஊர் சாம்பார்ல வெல்லத்தையே காணோமே, எல்லாத்தையும் பேச்சுல கொட்டித் தீத்துட்டீங்களான்னு கேக்கறாங்க."

மண்டபம் அதிர்ந்தது. அம்மா நேரே போய் அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "அம்மணி, நீங்க எனக்குச் சரியான ஆளுங்க!" என்றார். என்னைத் தேடியபோது நான் இன்னும் கரண்டியோடு இருந்தேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் மைசூருக்கும் கணபதிக்கும் போன். அம்மா தமிழில் பாடுவார், அவர் கன்னடத்தில் திருப்பிக் கொடுப்பார். நடுவில் என் மகள் அர்த்தம் சொல்லுவாள். இவர் ஒரு வார்த்தை கன்னடம் கற்கவில்லை. அவர் ஒரு வார்த்தை தமிழ் கற்கவில்லை. தன் பாஷையை விட்டு ஒரு படி இறங்க இருவருக்கும் மனமில்லை. அதனாலேயே இருவருக்கும் ஒருவரையொருவர் அவ்வளவு பிடித்துப் போயிற்று.

அம்மா இருதயக் கோளாறால் படுத்தபோது, சம்பந்தியம்மா மல்லிகைப் பூவோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் அப்போது நூலாக இளைத்திருந்தது. அந்த நூலிலும் ஒரு பாட்டு வந்தது.

"மல்லிகைப்பூ கொண்டுவந்த சம்பந்தியம்மா - நான்
மலையேறிப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?
ஏசறதுக்கு ஆளில்லாம சம்பந்தியம்மா - நீங்க
எப்படித்தான் சோறு தின்னு தூங்கப் போறீங்க?"

மகள் அர்த்தம் சொன்னதும் சம்பந்தியம்மாவுக்குப் பதில் வரவில்லை. முதல் தடவையாக. "அவசரமில்லீங்க, யோசிச்சு வெச்சு அடுத்த தடவை வாரப்பச் சொல்லுங்க" என்றார் அம்மா, ஜெயித்த முகத்தோடு. அந்த வாரமே போய்விட்டார்.

பட்டறை வாசலில் பந்தல். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா வந்தார். அம்மாவின் கால்மாட்டில் நின்றார். முந்தானையை இடுப்பில் செருகினார். எனக்கு அந்தச் செருகல் தெரியும். இழவு வீட்டில் கேலிப் பாட்டா, சொந்தபந்தம் என்ன சொல்லும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒளிந்துகொள்ள ரசக் குண்டாவும் இல்லை.

அவர் பாடினார். தமிழில்.

"பாட்டைப் பாடிப்போட்டு எங்கீங்க போறீங்க - என்ற
பதிலைக் கேக்காமப் போறது மொறைங்களா?
ஏசறதுக்கு ஆளில்லைன்னு வெசனப்பட மாட்டேனுங்க - உங்க
மவன் இருக்கறாருங்க, அவரை ஏசிக்கறேனுங்க!"

மைசூரிலிருந்து வரும் வழியில், திம்பம் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என் மகளிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தாராம். ஒரு 'ங்க' கூடத் தவறவில்லை. ஒப்பாரி நின்றது. வெள்ளகோவில் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏசறதுக்குச் சரியான ஆளைத்தான் புடிச்சிருக்கறீங்க!" என்றார். இழவு வீடு சிரித்தது. அம்மாவை நாங்கள் அந்தச் சிரிப்போடுதான் வழியனுப்பினோம். அதுவரை அழாமல் சமாளித்திருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

அம்மா படுத்திருந்தபோது ராப்பகலாக உடனிருந்த அக்காவுக்கும், லேத்தை ஒரு நாளும் நிறுத்தாமல் ஓட்டிய பட்டறைத் தம்பிகளுக்கும், தாயைப் போல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மணிக்கும், இறுதி நாளில் அடுப்பே பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த எங்கள் தெருவுக்கும், மைசூர்ச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை போன் இப்போது எனக்கு வருகிறது. ஓராண்டாக ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதை நீங்கள் படிக்கும்போது சம்பந்தியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இன்றைக்குப் பதில் பாட்டு பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாட்டும் கட்டிவிட்டேன், நம்ம பேச்சில்தான். தைரியம்தான் இன்னும் கட்டி முடியவில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். என்னைச் சமையல் பக்கம் எங்கேயாவது கண்டால், கையில் இருக்கும் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் இழுத்து வந்து நிறுத்திவிடுங்கள். அம்மாவின் மகன் பதில் பாடாமல் ஓடிவிட்டான் என்று மைசூர் வரைக்கும் பேச்சாகிவிடக் கூடாதுங்க.