டீச்சர் குரலுக்கு வந்த வாத்துகள்

பள்ளிக்கூடங்களைப் பூட்டி வைத்திருந்த வருஷம், எங்கள் வாத்துகளும் என்னோடு சேர்ந்து ஐந்தாம் வகுப்பு படித்தன.

அதுவரை நான் திருக்காட்டுப்பள்ளியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். அப்பாவும் அம்மாவும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு, எங்கே அறுவடை முடிகிறதோ அந்த ஊருக்குப் போவார்கள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்தான் வாத்துக்குத் தீனி. பள்ளி மூடியதும் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். டீச்சர் பாடத்தைப் பேசி அப்பாவின் போனுக்கு அனுப்புவார். பகலில் போன் அப்பாவிடம் இருக்கும். முட்டை வியாபாரி எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. அதனால் என் வகுப்பு சாயங்காலம்தான், வாத்துகளை வலைக்குள் அடைக்கிற நேரத்தில். அது மலிவான போன். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். நான் பாடத்தைப் போடுவேன், அம்மா தவிட்டை வீசுவார், வாத்துகள் ஓடி வரும்.

"ஒன்னவிட இதுங்கதான்டி ஒழுங்காப் படிக்குதுங்க" என்பார் அம்மா.

முன்பெல்லாம் தவிடு கிடையாது. லீவுக்கு வரும்போது பார்த்திருக்கிறேன். அப்பா வரப்பில் நின்று "பா... பா... பா..." என்று ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் திரும்பிவிடும். அந்த வருஷம் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அறுவடைத் தூசி என்றார். நாங்களும் தூசி என்றே நினைத்தோம்.

திருவிடைமருதூர்ப் பக்கம் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் வாத்துகள் வாய்க்காலைத் தாண்டி, அறுக்காத வயலுக்குள் புகுந்துவிட்டன. வயல்காரர் ஓடி வந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்து, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர். ஏற்கெனவே யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் அவருக்கு.

"யோவ், உள்ள எறங்கிக் கதிர மிதிச்சே, அவ்வளவுதான். இங்கேருந்தே கூப்புடு. வரலன்னா அத்தனையும் எனக்குத்தான்."

"கூப்புடுறேங்க. வந்துருங்க" என்றார் அப்பா.

கூப்பிட்டார். காற்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். ஒரு வாத்துகூடத் தலையைத் தூக்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எங்களுக்கு இருந்ததே அந்த வாத்துகள்தான்.

நான் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பாடத்தைப் போட்டு, கையை உயர்த்திப் பிடித்தேன்.

"பிள்ளைங்களா, எல்லாரும் கவனிங்க. இன்னைக்கு நாம பின்னம் பார்க்கப்போறோம்."

கதிருக்குள் சலசலப்பு. முதலில் ஒன்று, பின்னால் நாலைந்து, பிறகு மொத்தமும் கத்திக்கொண்டு வாய்க்காலில் குதித்து வந்தன. அம்மாவைச் சுற்றிக்கொண்டு தவிட்டைத் தேடின.

வயல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னய்யா இது, வாத்துக்கு டியூசனா? போ, போ. எல்லாத்தையும் பாஸ் போட்டுட்டேன், ஓட்டிக்கிட்டுப் போ!"

அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒங்கிட்டயே இருக்கட்டும். இனிமே நீயே கூப்புடு பாப்பா" என்றார்.

பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. வாத்துகளைக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது. அப்பா இந்த மாசியில் போய்விட்டார். தொண்டையில் கட்டி. பேச்சு அதற்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. டீச்சரின் பாடங்கள் அந்தப் போனில் இன்னும் இருக்கின்றன. அப்பா வாத்துகளைக் கூப்பிட்ட குரல் ஒன்றுகூட அதில் இல்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அப்பா எனக்குப் பெரிய வேலை கொடுத்துவிட்டார் என்று, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வாத்துகளுக்கு முன்னால் நடந்தேன்.