கம்பியைத் தொடாத சூடு

உருக்கு எப்போது அறும் என்று காத்துக் கிடப்பதுதான் ஆமைக்கு வேலை. சோதனைக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். கம்பியை உலைக்குள் தொங்கவிட்டு, அடியில் எடையை மாட்டி, அறுநூறு டிகிரியில் அது எவ்வளவு நீள்கிறது என்று மாதக்கணக்கில் குறித்துக்கொண்டிருப்பார். இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மனிதர் அத்தனை சாது.

அன்று காலை, ஒரு வருடம் அறாமல் தாங்கிய கம்பியை வெளியே எடுக்க உலையைத் திறந்தவர் குனிந்து இரண்டு முறை உற்றுப் பார்த்தார். கம்பியோடு சேர்த்து அவரே கட்டியிருந்த வெப்பமானியின் முனை, கட்டு அவிழ்ந்து உலைச் சுவரில் ஒட்டிக் கிடந்தது. இத்தனை நாளும் அது காட்டியது சுவரின் சூட்டை. கம்பி நாற்பது டிகிரி குறைவில் சொகுசாகத் தொங்கியிருக்கிறது. அந்த உருக்கு தேறியதாக ஆறாம் மாதமே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதில் செய்த குழாய்கள் பக்கத்துக் கொதிகலனில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவன் அவர் மனைவியின் தம்பி. நேற்றுத்தான், "குழாய் லேசா உப்பின மாதிரி இருக்கு மாமா" என்றான். "தேறின குழாய்டா, பயப்படாத" என்று இவர் சிரித்தார். பாவி.

மேலாளரிடம் ஓடி, முனை கழன்று கிடந்ததைச் சொன்னார். "கொதிகலனை உடனே நிறுத்தச் சொல்லுங்க சார்."

"வாயை மூடிட்டுப் போய் அந்த முனையைத் திரும்பக் கட்டுய்யா." மேலாளர் தொலைபேசியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஆமை அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். மூக்கு உடைந்து காகிதமெல்லாம் ரத்தம். தொலைபேசியில் கூப்பிட்டால் கொதிகலன் அறையில் எடுக்க ஆளில்லை. ஓடினார்.

"வெளிய வாடா."

"வேலைய விட்டுட்டு எப்படி மாமா வர்றது?" என்றான் மச்சினன்.

விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை, கைதான் வந்தது. விட்ட குத்தில் இரண்டு பற்கள் தெறித்தன. கூட வேலை பார்த்த இருவர் பாய்ந்து வந்து அவர் கழுத்தைப் பிடித்தார்கள். ஒருவன் வயிற்றில் எட்டி உதைத்தார். இன்னொருவனை நெட்டித் தள்ளினார். இருவரும் கொதிகலன் பக்கமாய்ப் போய் விழுந்தார்கள். மச்சினனைச் சட்டையோடு இழுத்து வாசலைத் தாண்டியபோது குழாய் வெடித்தது. உள்ளே நீராவி பாய்ந்த சத்தத்தில் அந்த இருவருடைய அலறல்கூடக் கேட்கவில்லை.

சிறையில் அவரைப் பார்க்க மச்சினன் ஒரே ஒரு முறை வந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து ஆமை எழுந்து நின்றார். அவன் உட்காரவே இல்லை.

"நீங்க என்னைக் கொல்ல வந்தீங்கன்னு நெனச்சுத்தான் மாமா, அவங்க ரெண்டு பேரும் குறுக்க வந்தாங்க" என்றான்.