கயிறு பிடித்தவர்களின் பங்கு

"பயந்தா கட்டைவிரலை எடுத்துடணும், கேட்டோ சேச்சி," என்று கிளம்பும்போதே மலையாளி வழிகாட்டி சொன்னார். மணலில் ஓட்டும் அந்த நான்கு சக்கர குவாட் பைக்கில் ஆக்சிலேட்டர் கட்டைவிரலுக்கு அடியில்தான். ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டிப் பழகிய எனக்கு அது மறந்துபோனது.

கோவளம் தாண்டியதும் முன்னால் போன அவர் சட்டென்று நிறுத்தினார். கரையில் நின்று கரைவலை இழுக்கும் மீனவர்களின் கயிறு குறுக்கே, என் கழுத்துயரத்தில் விறைத்து நின்றது. பயத்தில் கட்டைவிரலோடு சேர்த்துக் கைப்பிடியை இறுக்கினேன். வண்டி அவரைத் தாண்டிப் பாய்ந்தது.

"விடு, விடு!" என்று ஒரு மீனவர் அலற, அத்தனை பேரும் கயிற்றை விட்டார்கள். மணலில் விழுந்த கயிற்றின்மேல் ஏறிப்போய் நின்றேன். வலை தளர்ந்து பெரும்பாலான மீன் போய்விட்டது.

யாரும் திட்டாமல் கயிற்றை மறுபடி எடுத்தார்கள். வண்டியை விட்டிறங்கி நானும் கயிறு பிடித்தேன். கரைக்கு வந்தது கொஞ்சம் நெத்திலிதான். அதிலும் ஒரு பிடியை அலறியவர் என்னிடம் நீட்டினார். "பிடிச்சவங்களுக்கெல்லாம் பங்கு உண்டு, சேச்சி."

மீனே நுழையாத கரமனை அக்ரகாரத்து வீடு எங்களுடையது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.