அறுபது முட்டை

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் சென்னியம்மாள், மகள் தனப்பிரியாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு ரெண்டு அட்டை முட்டை அவித்தாள். விடியுமுன் எழுந்து அறுபதையும் நகம் எரிய எரிய உரித்துத் தூக்குப்போசியில் அடுக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினாள். “கோழிப்பீ நாத்தம்னு எம்பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்கம்மா” என்று பிள்ளை தினமும் அழுததற்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மற்றதுகள் மிட்டாய்தானே கொடுக்கும்? முட்டை தின்ற வாய் அப்புறம் ஏசாது என்று நம்பினாள், மண்டு.

“தின்னாங்களா சாமி?”

“தின்னாங்கம்மா. நல்லாருக்குதுன்னாங்க.”

பிள்ளையின் தலை ஈரமாயிருந்தது. பைப்பில் விளையாடினேன் என்றாள். தாய்க்கு நம்புவது சுலபமாயிருந்தது.

அன்றோடு அழுகை நின்றது. பேச்சும் நின்றது. பள்ளிக்கூடத்தை மாற்றியும் பிள்ளை தேறவில்லை. பதினேழு வயதில், நாளைக்கு மூன்று தடவை தலைக்கு ஊற்றினாள். வெளியே கிளம்பினால் துப்பட்டாவை மோந்து மோந்து பார்ப்பாள்.

“அம்மா, நாறுதா?”

“போடி கிறுக்கி, சோப்புதான் கரையுது” என்று வைவாள் சென்னியம்மாள்.

ராசிபுரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்குக் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணிக்குள் போகவேண்டும். குளித்துக் குளித்து, மகள் வாசலைத் தாண்டவே மதியமாகிவிட்டது. நாமகிரிப்பேட்டையில் ரெண்டு பேரும் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டுப் பெண் திரும்பினாள்.

“ஏய் தனப்பிரியா! கிருத்திகாடி, அஞ்சாவது ஒண்ணாப் படிச்சமே! நல்லாருக்கீங்களாம்மா? நீங்க குடுத்துட்ட முட்டைய இவ தலையில நசுக்கி, மஞ்சக்கருவ மயிருல தேச்சு... ஐயோ, அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு! ஒருத்தருங்கூடத் திங்கலீங்கம்மா.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவள். அதுதான் கொடுமை. அவளுக்கு அது சின்ன வயசு வேடிக்கை.

சீராப்பள்ளியில் தனப்பிரியா விடுவிடென்று இறங்கிவிட்டாள். சர்டிபிகேட் பையை அணைத்துக்கொண்டு தாய் பின்னால் ஓடினாள். மகள் ரோட்டோரப் பைப்புக்கடியில் தலையைக் கொடுத்துக் குந்தியிருந்தாள்.

“ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?”

“நீ நகம் எரிய உரிச்சியேம்மா.”

சென்னியம்மாள் பைப்பை மூடினாள். “அடுத்த பஸ்ஸுல போலாங் கண்ணு” என்றாள்.

“தலை காயட்டும்மா.”

காய்ந்தது. முடியை மோந்து பார்த்தாள். மறுபடி பைப்படிக்குப் போனாள். மூன்று பஸ் போய்விட்டது. சென்னியம்மாள் குனிந்து, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, மகளின் உச்சந்தலையை மோந்தாள். வெறும் தண்ணீர் வாசம்.

“நாறல சாமி. சத்தியமா நாறல.”

“நீ பண்ணையிலயே கெடக்கறவ. உனக்குத் தெரியாதும்மா.”

நாலாவது பஸ் வந்து நின்றது. “ராசிபுரம் ஏறுறீங்களாக்கா?” என்றார் கண்டக்டர். மணி என்ன என்று கேட்டாள் சென்னியம்மாள். நாலேகால் என்றார். வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, முந்தானையால் மகளின் தலையைத் துவட்டப் போனாள். அந்தச் சேலை பண்ணைக்குக் கட்டிப்போவது. தனப்பிரியா தலையை இழுத்துக்கொண்டாள்.