அரிசி மாதிரி ஒரு பாஸ்தா

என் வீட்டுக்காரர் பாஸ்தாவைப் பாஸ்தா என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உங்க கடை குழாய்" என்பார். வளைந்த மக்ரோனியும் அவருக்குக் குழாய்தான், நீளமான ஸ்பகெட்டியும் குழாய்தான். ஸ்பகெட்டியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டால், அதுகூட இல்லாததற்கா இத்தனை பவுசு என்பார்.

நான் வேலை பார்ப்பது கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன காப்பிக்கடையில். வெளிநாட்டுக்காரர்களும், எர்ணாகுளத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களும் வந்து உட்காரும் இடம். பாத்திரம் கழுவப் போன என்னை அடுப்புப் பக்கம் திருப்பியவர் கடையை நடத்தும் சேச்சி. பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். முதல் மாதம் முழுக்க எனக்கும் அவருக்கும் ஒரே பிணக்கு. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். பருக்கையை நசுக்கினால் விரலில் எதுவும் தட்டக் கூடாது, அதுதான் பதம். சேச்சியோ பாஸ்தாவை எடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்வார். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே இறக்கிவிட வேண்டுமாம். வேகாததை எப்படி மனுஷருக்குக் கொடுப்பது என்று நான் அவருக்குத் தெரியாமல் இரண்டு நிமிஷம் கூடுதலாக வேகவிடுவேன். தட்டு திரும்பி வரும். திட்டும் வாங்குவேன்.

அப்புறம் கை பழகிவிட்டது. ஸ்பகெட்டிக்குப் பூண்டும் எண்ணெயும் காய்ந்த மிளகாயும் போதும். பென்னேவுக்குக் கெட்டியான தக்காளிச் சாறுதான் சரி, குழலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். திருகு திருகாக இருக்கும் ஃபுசில்லியை இறால் மசாலாவில் புரட்டி ஒருநாள் நானே ஒன்று செய்தேன், இப்போது கடையில் அதற்கென்றே வருகிறார்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கரண்டி சாற்றில் விட வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வடிகஞ்சியைக் கொட்டாத வீட்டில் பிறந்தவள் நான்.

என் வீட்டுக்காரருக்குக் கொச்சங்காடியில் சுமட்டு வேலை. இஞ்சி மூட்டையும் மிளகு மூட்டையும் சுமந்துவிட்டுச் சாயங்காலம் குளித்து வந்தால் கஞ்சி வேண்டும். குண்டு குண்டாகச் சிவந்த அரிசி தண்ணீரில் தனித்தனியாகக் கிடக்க வேண்டும், கூட வெந்த பயறு, சுட்ட பப்படம். ஒருமுறை கடையிலிருந்து பென்னே கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதைக்கு நாலு வாய் தின்றார். "வேக வச்சிட்டு கொண்டுவந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பக்கவாதம் வந்தது காலை வேலையின் நடுவில். கிடங்கு வாசலில் மூட்டையோடு சாய்ந்தவரைக் கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. கொஞ்ச நாளில் அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது அவருடைய தொண்டை.

ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தாடையை நெஞ்சோடு சாய்க்க வேண்டும், குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கரண்டி கொடுக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். கஞ்சி மட்டும் கூடவே கூடாது என்றாள். நான் நம்பவில்லை. காய்ச்சலோ பிரசவமோ, எது வந்தாலும் எங்கள் வீடுகளில் முதலில் கொடுப்பது கஞ்சியைத்தான். அவள் பொறுமையாகச் சொன்னாள்: வாய் பருக்கையைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும், பருக்கையும் பின்னாலேயே போகும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் நாத்தனார் தன் தம்பிக்கென்று கஞ்சி கொண்டுவந்தாள். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள் என்றாள். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை. இரண்டு கரண்டிதானே என்று நானே ஊட்டினேன். மூன்றாவதில் முகம் நீலம் பாரித்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, மறுபடியும் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த ஒன்பது நாளில் நான் வேறொருத்தி ஆகிவிட்டேன். இனி என் கையால் அவருக்கு ஒரு பருக்கை கிடையாது என்று முடிவு செய்தேன்.

கஞ்சியை மிக்சியில் அடித்துக் கொடுத்துப் பார்த்தேன். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை என்று துப்பினார். வேறு எதையும் அதிகம் தொடவில்லை, ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கடைசியில் சேச்சிதான் மக்ரோனி கொடுத்து அனுப்பினார். முக்கால் மணி நேரம் வேகவிட்டு, மசித்து, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் கிண்டிய வெள்ளைச் சாற்றில் குழைத்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று, இருமல் இல்லை. ஸ்பகெட்டி சரிப்படவில்லை, எத்தனை நறுக்கினாலும் ஒரு நூல் தொண்டையில் தங்கும். பென்னேவின் தோல் மசியாது. லசான்யாவுக்கு அடுக்கும் அகலப் பாஸ்தாத் தகட்டைத் துணி மாதிரி ஆகும்வரை வேகவைத்துப் பிய்த்துப் போட்டால்தான் எல்லாவற்றிலும் நல்லது. கடையில் பகலெல்லாம் வேகாமல் இறக்குவேன், வீட்டில் குழையக் குழைய வேகவிடுவேன். பாஸ்தாவைக் கேலி செய்த மனுஷர் ஏழு மாதம் அதைத் தின்றே உயிரோடு இருந்தார்.

ஆனால் சாயங்காலமானால் பக்கத்து வீடுகளிலிருந்து பயறு வேகும் வாசனை வரும். அவர் ஆரம்பித்துவிடுவார்.

"எடீ, கொறச்சு கஞ்சி தா. கூடுதல் வேண்டா. ஒரு வாய்."

எனக்கு வாய் நீளம். முதலில் கொஞ்சினேன், பிறகு அதட்டினேன். கஞ்சி குடித்துச் சாக வேண்டுமென்றால் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றுகூட ஒருநாள் சொல்லியிருக்கிறேன். நடக்க முடியாத மனுஷரிடம் அதைச் சொன்னேன். வீட்டில் அரிசி வாங்குவதையே நிறுத்தினேன். சோறு தின்ன வேண்டுமென்றால் கடையிலேயே தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் கடைச் சாமான்களுக்கு நடுவே புதிதாக ஒரு பாக்கெட் இருந்தது. பார்க்க அச்சு அசல் அரிசி. அதுவும் பாஸ்தாதான், சூப்பில் போடுவது என்றார் சேச்சி. ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி வந்தேன். அரிசி தண்ணீரில் தனித்தனியாக நிற்கும், கோதுமை குழைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதியை மசித்து, மீதியைப் பருக்கை பருக்கையாகத் தெரியும்படி விட்டு, வெந்த பயறைத் தோல் நீக்கி அரைத்துச் சேர்த்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத கெட்டியில் இறக்கினேன். மேலே இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். சிவப்பு நிறத்துக்காக ஒரு துண்டு பீட்ரூட்டை அதில் போட்டு எடுத்தேன் என்று சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் வழக்கமாகக் கஞ்சி குடிக்கும் சட்டியில்தான் எடுத்துவைத்தேன்.

"கஞ்சி" என்று சொல்லி முன்னால் வைத்தேன்.

சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாடையைத் தானே சாய்த்துக்கொண்டார். ஒவ்வொரு வாய்க்கும் என் விரல்களுக்குக் கீழே குரல்வளை ஏறி இறங்கியது. ஒரு இருமல்கூட இல்லை. சட்டி காலியானதும் எனக்கு அப்படி ஒரு பெருமை. சேச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாயைத் துடைத்துவிட்டேன்.

"நல்லா இருக்கு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா இது சோறு இல்ல. உங்க கடை குழாய்."

நான் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீ கஷ்டப்பட்டு உண்டாக்கினதல்லே? அதான் தின்னேன்."

அன்றோடு கஞ்சி கேட்பதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் பயறு வெந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கொடுத்ததைத் தின்றார், தாடையைச் சாய்த்தார், போதும் என்றால் "மதி" என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு தொல்லை ஒழிந்தது என்று சேச்சியிடம் சொன்னேன். சொன்னது இந்த வாய்தான். ஒருத்தர் ஆசைப்படுவதை நிறுத்திக்கொண்டதை நான் உடம்பு தேறுவதாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில், பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அவர் பிழைக்கவில்லை. அது தொண்டையால் வரவில்லை, நுரையீரலில் ஒன்றும் இல்லை, மூளையில்தான் என்றார் டாக்டர். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்றுகூடச் சொன்னார். ஒரு வாய் கொடுத்திருக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். கொடுத்திருந்தால் ஏழு மாதம் இருந்திருப்பாரா என்பதையும் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதில்லை.

எடுக்கும் முன்னால் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். நாத்தனார் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முறை வந்தபோது கை எழவில்லை. ஏழு மாதம் ஒரு அரிசி அந்த வாய்க்குள் போய்விடாமல் காவல் காத்த கை. நேரமாகிறது, போடு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மூன்று தடவை அள்ளிப் போட்டேன்.

போட்டதும் என் இடது கை தானாகப் போய் அவர் தாடையைக் கொஞ்சம் சாய்க்கப் பார்த்தது. வலது கையின் இரண்டு விரல்களும் குரல்வளைமேல் போய் நின்றன. நாத்தனார் வந்து பிடித்து இழுக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.