நட்டு போல்ட்டுக்குப் போட்ட மூடி

மூன்றாக மடிகிற ஒரு தகர மூடியை என் பிக்கப் வண்டியின் முதுகில் போட்டுவிட்டால், அம்பத்தூர் எஸ்டேட்டின் அட்டைப்பெட்டி லோடு எனக்கே எனக்கு என்று நம்பினேன். அப்போது எனக்கு மீசை கறுப்பு. மூளை எந்த நிறம் என்று யாரும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மழைக்காலம் வந்தால் திறந்த வண்டியை எவனும் கூப்பிட மாட்டான். ஸ்டாண்டில் உட்கார்ந்து டீ குடித்தே ஐப்பசியையும் கார்த்திகையையும் கழிக்க வேண்டும். அப்படி இருக்கும்போதுதான் பெட்டிக் கம்பெனி சூப்பர்வைசர் என்னை கேட் ஓரமாகக் கூப்பிட்டார்.

"மழைக்கு முன்னாடி வண்டிக்கு மடக்கு மூடி போட்டுகினு வாப்பா. ஏத்தறப்போ சட்டுனு தொறக்கணும், ஏத்துனதும் மூடணும். ஒரு பெட்டி நனையக் கூடாது. அப்புறம் டெய்லி லோடு உனக்குத்தான். யாராண்டையும் சொல்லாதே."

யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எங்கள் ஸ்டாண்டில் அது எழுதாத சட்டம். முதல் நடை போய்த் திரும்பும்வரை என்ன லோடு என்று எவனும் உண்மை பேச மாட்டான். சொன்னால் கைநழுவிப் போகும் என்று பயம். பட்டாணி ஏற்றப் போகிறவன் செங்கல் என்பான். செங்கல் ஏற்றப் போகிறவன் மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொல்வான்.

எனவே என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதே ஸ்டாண்டில் பக்கத்திலேயே வண்டி போடுகிறவன், "இன்னா மாமே, மூடியெல்லாம் விசாரிக்கிறியாமே, இன்னா லோடு?" என்று கேட்டபோது, தயங்காமல் சொன்னேன்.

"நட்டு போல்ட்டு."

"அப்போ தகரம் போடு. தார்ப்பாயைக் கிழிச்சி அள்ளிகினு பூடுவானுங்க. தகரம்னா பூட்டு போட்டுக்கலாம்."

எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண் கலங்கியது.

பூந்தமல்லியில் வண்டிகளுக்கு மூடி போடுகிற பாயின் பட்டறைக்குப் போனேன். அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று, வளைந்த கம்பிகளின் மேல் தார்ப்பாய்க் கூண்டு. அவிழ்த்தால் விசிறி மாதிரி மடிந்து டிரைவர் கேபினுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மற்றது, பக்கப் பலகைகளின் மேல் தட்டையாகப் படுக்கிற தகரம். கீல் வைத்து மூன்றாக மடியும். என் மனசு கூண்டின் பக்கம் சாய்ந்தது. பாய் கேட்டார்.

"இன்னா சரக்கு நைனா ஏத்துவே?"

"நட்டு போல்ட்டு, பாய்."

"அதுக்கு இன்னாத்துக்குக் கூண்டு? தகரமே போதும்."

மச்சானும் பாயும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? தகரத்தையே போட்டேன். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அது சாவு மேளம் வாசித்தது. எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் மூடியைச் சுற்றி வந்தார். பையன்கள் பெட்டிகளை ஏற்றினார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆளின் இடுப்பு உயரம். பக்கப் பலகைக்கு மேல் அவை தலை நீட்டி நிற்க, மூடி மூட மறுத்தது. படுக்க வைத்து மூடினால் ஒரு வரிசைதான் கொள்ளும்.

"இன்னாப்பா இது, டிபன் பாக்ஸு மூடி மாதிரி கீது?" என்றார். பிறகு, "சரி, நாளைக்கு வேற வண்டி வருது, உடு."

வேற வண்டி. மூடியை உயர்த்தித் தர முடியுமா என்று கேட்கப் பூந்தமல்லிக்கு விரட்டினேன். பட்டறை வாசலில் மச்சானின் வண்டி நின்றது. அதன் முதுகில் அழகான வளைவுக் கம்பிகள். பாய் புத்தம் புதுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்து வேவு பார்க்கலாம் என்று பிக்கப்பை மெல்ல உருட்டினேன். தகரம் டமடமவென்று தெருவுக்கே தகவல் சொன்னது. கரும்புக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இறங்கி நேராகப் போனேன்.

"எனக்குத் தகரம் சொல்லிட்டு நீ கூண்டு போட்டுக்கிறியா? அக்கா புருசனுக்கே குழி வெட்டுறியா?"

"நீதானே மாமே நட்டு போல்ட்டுன்னே?"

பாய் கட்டுவதை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தார். "இவரு கல்யாண நாற்காலின்னாரு. நீ நட்டு போல்ட்டுன்னே. ரெண்டு பேரும் ஒரே ஊடா?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "பெட்டிக் கம்பெனி லோடு மாமே. சூப்பர்வைசரு ஆடியிலேயே எனக்குச் சொல்ட்டாரு. யாராண்டையும் சொல்லாதேன்னாரு."

"என்னாண்ட கூடவா?"

"நீ சொன்னியா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் முறையிட்டேன். "ரெண்டும் ஒரே அச்சு, கை கழுவிகினு வா" என்று தட்டு வைத்தாள். என் பக்கம் அவள்கூட இல்லை. சூப்பர்வைசர் எத்தனை காதில் அதே வார்த்தையை ஓதியிருப்பார் என்று ஸ்டாண்டில் கேட்கவும் வழியில்லை. கேட்டால் எவன் உண்மை சொல்வான்?

அந்த மழைக்காலம் முழுக்க அட்டைப்பெட்டி லோடு மச்சானின் வண்டியில் போயிற்று. என் வண்டியில் முத்தாபுதுப்பேட்டைப் பட்டறை ஒன்றிலிருந்து, பூட்டுப் போட்ட தகர மூடியின் கீழ், நட்டும் போல்ட்டும் போயின.